பழைய க்யூவைச் செப்பனிடலாமா, விட்டுவிடலாமா?

மழை தொடங்கிய ஒரு அக்டோபர் மாலை, மாடி வீட்டுத் தம்பி நீளமான பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "அங்கிள், கேம்ப் ரோடு பக்கம் ஒருத்தர் வீடு காலி பண்றாரு. இந்த ஸ்டிக்கை ஆயிரத்து இருநூறுக்குத் தரேன்னு சொல்றாரு. நைட்டுக்குள்ள பதில் சொல்லணும். எடுக்கலாமா?"

பைக்குள் இரண்டு துண்டாகக் கழற்றக்கூடிய பூல் க்யூ இருந்தது. தண்டு முழுக்க நீல சாக் ஏறிக் கறுத்திருந்தது. நுனித் தோல் தட்டையாகத் தேய்ந்து ஓரம் பிதுங்கியிருந்தது. கைப்பிடி நூலைத் தொட்டால் பிசுபிசுத்தது. பார்த்ததும் "வேண்டாம்ப்பா" என்று சொல்லத் தோன்றும். ஆனால் இந்த மூன்று குறைகளும் சேர்ந்தாலும் ஒரு க்யூவைத் தள்ளிவிடப் போதாது. தள்ளிவிட வேண்டிய குறை பெரும்பாலும் கண்ணுக்கு உடனே தெரியாது. பளபளவென்று பாலிஷ் போட்ட க்யூவில்கூட அது ஒளிந்திருக்கும்.

பணம் கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது, வாங்கிய பின் எதில் கை வைப்பது, எதில் வைக்கவே கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். சென்னைப் புறநகரில் ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் வீடு மாற்றுகிறவர்களிடமிருந்து கைமாறி வரும் க்யூவுக்கும், தாத்தா காலத்திலிருந்து பரணில் கிடக்கும் க்யூவுக்கும் இது பொருந்தும்.

எந்த ஆட்டத்தின் க்யூ?

நம் ஊரில் பழைய க்யூ இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. ஒன்று ஆங்கிலேயர் காலத்து பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் வழி. ஸ்னூக்கருக்கும் நமக்கும் உறவு நெருக்கமானது. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி தொடங்கிவைத்த ஆட்டம் அது. அதன் விதிகள் 1882-இல் நம் ஊட்டி கிளப்பில்தான் எழுதி மாட்டப்பட்டன. இன்னொன்று அண்மைக் காலத்தில் பார்லர்கள் வழியாகப் பரவிய அமெரிக்க பூல்.

இரண்டின் க்யூவும் ஒன்றல்ல. பூல் பந்து 57 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது, கனமும் கூடுதல். அதற்கேற்ப பூல் க்யூவின் நுனி 12 முதல் 13 மில்லிமீட்டர் இருக்கும். தண்டு பெரும்பாலும் மேப்பிள் மரம். நுனிக்குக் கீழே வெள்ளை பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் பூண் இருக்கும். ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர்தான். அதன் க்யூ நுனி 9 முதல் 10 மில்லிமீட்டருக்குள் மெலிந்திருக்கும், பூண் பித்தளை. தண்டு ஆஷ் மரமாக இருந்தால் அம்பு முனைகளை அடுக்கியதுபோல ரேகை ஓடும். அடிப்பகுதியில் நல்ல க்யூவென்றால் கருங்காலி இருக்கும்.

ஸ்னூக்கர் க்யூவால் பூல் பந்தை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தால் மெல்லிய நுனி நாளடைவில் தளர்ந்துபோகும். ஆகவே நீங்கள் ஆடப்போவது எந்த மேஜையில் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆட்டம் பொருந்தவில்லை என்றால் மற்ற சோதனைகளுக்கே வேலையில்லை.

மாற்றக்கூடியவை, மாற்ற முடியாதவை

க்யூவை மேலிருந்து கீழே பாருங்கள். நுனித் தோலை டிப் என்கிறோம். அது செருப்புக்கு அட்டை மாதிரி, தேயத்தான் வைத்திருக்கிறார்கள். அதன் கீழே இருக்கும் பூண், உலக்கைக்குப் பூண் போடுகிற அதே காரணத்துக்காகப் போட்டது. இடிக்கிற முனையில் மரம் பிளந்துவிடாமல் காப்பது அதன் வேலை. இதையும் மாற்றலாம். கைப்பிடி நூலைப் பிரித்துப் புதிதாகச் சுற்றலாம். அடி ரப்பர் தொலைந்திருந்தால் வேறு போடலாம். பல பூல் க்யூக்களில் அந்த ரப்பரைக் கழற்றினால் உள்ளே எடை போல்ட் இருக்கும். க்யூவை ஆட்டினால் கடகடவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும். ஆலன் சாவி உள்ளே எட்டினால் முறுக்கிவிடலாம், ஐந்து நிமிட வேலை.

மாற்ற முடியாதவை மூன்று. தண்டின் நேர், தண்டின் பருமன், இரண்டு துண்டையும் பூட்டும் ஜாயின்ட் உட்கார்ந்திருக்கும் மரம். நேர் போனால் திரும்பாது. தேய்த்தெடுத்த பருமன் திரும்பாது. ஜாயின்ட் திருகு இறங்கியிருக்கும் மரம் பிளந்தால், பசை ஊற்றி ஒட்டினாலும் ஒவ்வொரு அடியிலும் அது திறக்கப் பார்க்கும். முடிவு முழுக்க இந்த மூன்றில்தான் இருக்கிறது. அழுக்கையும் டிப்பையும் பார்த்து நல்ல க்யூவைத் தள்ளுவதும், பாலிஷைப் பார்த்துக் கோணல் க்யூவை வாங்குவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

வீட்டிலேயே ஐந்து சோதனைகள்

முதலாவது கண். க்யூவைப் பூட்டி, அடிப்பக்கத்தைக் கன்னத்தோடு வைத்து, ஒரு கண்ணை மூடி நுனியை நோக்கிப் பாருங்கள். ஆசாரி ரீப்பர் கட்டையைப் பார்ப்பாரே, அப்படி. மெதுவாக விரலால் உருட்டிக்கொண்டே பாருங்கள். டியூப்லைட்டின் வெளிச்சக் கோடு தண்டின்மேல் நீளமாக விழும்படி நின்றால் வேலை எளிது. தண்டு நேராக இருந்தால் அந்தக் கோடும் நேராக ஓடும். வளைவு இருந்தால், உருட்டும்போது ஒரு பக்கத்தில் கோடு வில்லாகும்.

இரண்டாவது, உருட்டிப் பார்ப்பது. கடையில் மேஜைத் துணிமேல் உருட்டிக் காட்டுவார்கள். அதை நம்ப வேண்டாம், துணி சின்ன வளைவை விழுங்கிவிடும். நம் வீடுகளில் சமையலறை கிரானைட் மேடைதான் நல்ல சமதளம். துடைத்து உலர்த்திவிட்டு, க்யூவைக் கழற்றித் தண்டை மட்டும் அதன்மேல் உருட்டுங்கள். தண்டு ஒரு பக்கம் மெலிந்து போவதால் அடியில் எங்காவது இடைவெளி தெரியத்தான் செய்யும். இடைவெளி இருக்கிறதா என்பது கேள்வியல்ல, உருளும்போது அது கூடிக் குறைகிறதா என்பதே கேள்வி. ஒரே அளவாக இருந்தால் தண்டு நேர். திறந்து மூடினால் வளைவு. ஒரு தபால் அட்டை நுழையும் அளவு கூடிக் குறைந்தால் ஆட்டத்தில் தெரியாது. இரண்டு மூன்று அட்டை நுழைந்தால் நான் அந்த க்யூவைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அடுத்து அடிப்பகுதியைத் தனியாகவும், பிறகு இரண்டையும் பூட்டியும் உருட்டுங்கள். தனித்தனியே நேராக இருந்து, பூட்டினால் ஆடினால் கோளாறு ஜாயின்ட்டில் இருக்கிறது. அதன் முகத்தில் அழுக்கு படிந்திருந்தால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள், சில சமயம் அதோடு சரியாகிவிடும்.

மூன்றாவது, பஞ்சு. ஒரு துண்டுப் பஞ்சைத் தண்டில் சுற்றிப் பிடித்து, நுனியிலிருந்து அடிவரை இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் பஞ்சு நூல் சிக்கி நிற்கும். பூண், ஜாயின்ட் இரண்டையும் சுற்றி நிதானமாக இழுக்க வேண்டும். தம்பி கொண்டுவந்த க்யூவில் பஞ்சு ஓரிடத்தில் சிக்கியது. வெள்ளைப் பூணில், டிப்புக்கு அருகே, மயிரிழை அளவில் ஒரு பிளவு.

நான்காவது, காது. தண்டை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, மறுகை விரல் கணுவால் தட்டுங்கள். நல்ல மரம் தெளிவாக ஒலிக்கும். 'ஜிர்ர்' என்று அதிர்வு சேர்ந்து வந்தால் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. பூணை விரலால் அழுத்திப் பிடித்து மறுபடி தட்டுங்கள். அதிர்வு நின்றால் குற்றவாளி பூண்தான். நிற்கவில்லை என்றால் ஜாயின்ட்டைச் சந்தேகப்படுங்கள்.

ஐந்தாவது, நகம். பூணிலிருந்து மரத்தை நோக்கி நகத்தை நகர்த்துங்கள். இரண்டும் ஒரே மட்டத்தில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பூண் முடிந்த இடத்தில் படி இறங்குவதுபோல் இருந்தால், முன்பு வைத்திருந்தவர் உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்த்திருக்கிறார். 'சுத்தமாக இருக்கிறதே' என்று நீங்கள் மகிழும் வெண்மை, தண்டின் பருமனைக் கொடுத்து வாங்கியது.

அதே நகத்தால் அடிப்பகுதியின் வேலைப்பாட்டையும் தடவுங்கள். விலை குறைந்த பூல் க்யூக்களில் கூர்முனை வேலைப்பாடு மரத்தில் பதித்ததாக இருக்காது, ஒட்டிய படமாக இருக்கும். பூதக்கண்ணாடியில் அச்சுப் புள்ளிகள் தெரியும். ஸ்னூக்கர் க்யூவில் கருங்காலி முனைகள் மழுங்கி வளைவாக ஏறியிருந்தால் பொதுவாகக் கையால் இணைத்தது, ஊசிபோல் கூர்மையாக ஒரே உயரத்தில் நின்றால் இயந்திரத்தில் இணைத்தது. கைவேலைக்கு மதிப்பு அதிகம்.

வளைந்த தண்டு ஏன் திருந்தாது?

ஆஷ், மேப்பிள் இரண்டும் குளிர்நாடுகளிலிருந்து நமக்கு வருகிற மரங்கள். அறுத்து, உலர்த்தி, கடைந்த பிறகும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். ஏசி ஓடும் பார்லரில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், அங்கே நாளாக இருக்கும் மரத்துக்குள் ஏறக்குறைய 9 சதவீதம் ஈரம் நிற்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சென்னைக் காற்று 80 சதவீதத்தைத் தொடும். அப்போது அதே மரம் 16 சதவீதத்தை நோக்கி நகரும். ஈரம் ஏறினால் மரம் நீளத்தில் பெரிதாக வளர்வதில்லை, குறுக்கில்தான் பருக்கும். ரேகை தண்டோடு இணையாக ஓடினால் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே மாதிரி பருத்து நேர் நிற்கும். ரேகை சரிந்து தண்டின் பக்கவாட்டில் வெளியேறினால் ஒரு பக்கம் ஒரு விதமாகவும் மறுபக்கம் வேறு விதமாகவும் இழுக்கும். ஆசாரிகள் 'மரம் முறுக்கிக்கிச்சு' என்பது இதைத்தான். வாங்கும்போது நுனியிலிருந்து ஒரு அடி நீளத்துக்காவது ரேகை நேராக ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். என்னிடம் ஒரே துண்டாலான ஸ்னூக்கர் க்யூ ஒன்று இருந்தது. மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் லாஃப்டில், சுவரில் சாய்த்து, இரண்டு வருடம் விட்டுவிட்டேன். கோடையில் கான்கிரீட் சூடு, மழைக்காலத்தில் சுவரின் ஈரம். எடுத்துப் பார்த்தபோது நடுவில் வில்லாக வளைந்திருந்தது. சூடு காட்டி, எதிர்ப்பக்கம் எடை வைத்து, பத்து நாளில் நிமிர்த்தினேன். பிப்ரவரியில் நேராக இருந்தது. ஆகஸ்டில் மழை இரண்டு தடவை பெய்ததும் பழைய வளைவு அதே இடத்தில் திரும்பி வந்தது. சூடு அப்போதைக்கு அடக்குகிறது, ரேகையை மாற்றுவதில்லை. அதன்பிறகு வளைந்த தண்டை 'நிமிர்த்தித் தருகிறேன்' என்று யார் சொன்னாலும் நான் பணம் கொடுப்பதில்லை.

இன்னொன்று, வெள்ளம் பார்த்த க்யூ. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தள வீடுகளில் தண்ணீர் நின்றது நமக்கு மறக்காது. தண்ணீரில் கிடந்த மரச்சாமான் பிறகு துடைத்து விற்பனைக்கு வரும். ஜாயின்ட் ஓரத்தில் கறுப்புக் கறை, திருகில் துரு, அடிப்பகுதியில் வார்னிஷ் கொப்புளம், பையின் உள்துணியில் பூஞ்சை வாடை. இவற்றில் இரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள்.

செலவுக் கணக்கு

சோதனைகளில் தேறிய பிறகுதான் கணக்கு. ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். கேட்கும் விலை, மாற்ற வேண்டியவற்றின் செலவு, அதே மரத்தில் அதே தரத்தில் புதிய க்யூ என்ன விலை. இரண்டாவது வரியை ஊகிக்க வேண்டாம். நீங்கள் ஆடும் பார்லரில் டிப் மாற்றித் தருகிறவரிடம் கேட்டு எழுதுங்கள். டிப் சிறு செலவு. பூண் அதைவிடக் கூடுதல், ஏனென்றால் அதைக் கடைசலில் ஏற்றி நுனி மரத்தை அளவாகச் செதுக்க வேண்டும். மரம் கடைந்து பழகிய கைதான் இதைச் செய்ய வேண்டும். புதிய தண்டே வாங்க வேண்டுமென்றால் பெரும்பாலும் கணக்கு கவிழ்ந்துவிடும்.

நான் வைத்திருக்கும் வரம்பு எளியது. முதல் இரண்டு வரிகளின் கூட்டுத்தொகை மூன்றாவது வரியின் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் புதியது வாங்குவதே நல்லது, அது இன்னும் யாருடைய லாஃப்டையும் பார்க்கவில்லை.

இந்த வரம்புக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அப்பாவோ தாத்தாவோ ஆடிய க்யூ. அதற்குச் செலவுக் கணக்கு போட வேண்டாம், ஆனால் நோக்கத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆடுவதற்கா, வைத்துப் பார்ப்பதற்கா? தண்டு வளைந்திருந்தால் ஆட முடியாது. அப்படியானால் பூணையும் டிப்பையும் மாற்றிப் பழைய அடையாளத்தை அழிக்காமல், அழுக்கைத் துடைத்துப் படுக்கை வாட்டில் சுவரில் ஏற்றிவிடுங்கள்.

மிகப் பழைய க்யூவில் ஒரு எச்சரிக்கை. பூணோ அடியில் இருக்கும் பட்டையோ மஞ்சள் படிந்த வெள்ளையாக, வெட்டுமுகத்தில் வலைபோலக் குறுக்குக் கோடுகளோடு இருந்தால் அது யானைத் தந்தமாக இருக்கலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-இல் வந்த திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தையும், 1991-இல் வந்த திருத்தம் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் தடை செய்துவிட்டன. அப்படிப்பட்ட க்யூவை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் வனத்துறையிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

செய்வதென்றால், குறைவாகச் செய்யுங்கள்

முதலில் அழுக்கு. நீல சாக்கை நாம் சுண்ணாம்பு என்று நினைக்கிறோம். 1897-இல் அமெரிக்காவில் ஸ்பிங்க்ஸ், ஹாஸ்கின்ஸ் என்ற இருவர் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்து அது சிலிக்காவும் அலுமினிய ஆக்சைடும் கலந்த உரசும் தூள். காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் அந்தத் தூளே மரத்தை அரிக்கும். துணியில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல், துணியின் இடத்தை மாற்றி மாற்றித் துடையுங்கள். சாயம், பாலிஷ் உள்ள அடிப்பகுதியில் ஆல்கஹால் படக் கூடாது. தண்ணீரில் கழுவவே வேண்டாம். பிறகு பழுப்புக் காகிதத்தை மடித்துத் தண்டைச் சுற்றிப் பிடித்து, கை சூடு உணரும்வரை வேகமாக மேலும் கீழும் தேய்த்தால் மரத்தின் துளை மூடி வழவழப்பாகும். ஆஷ் தண்டாக இருந்தால் ஆளி விதை எண்ணெய் இரண்டு சொட்டு தடவித் துடைத்துவிடலாம். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

அடுத்து பள்ளம். மேஜை விளிம்பில் இடித்த பள்ளத்தில் மர இழை நசுங்கியிருக்கும், அறுந்திருக்காது. ஈரமும் சூடும் கொடுத்தால் இழை மறுபடி உப்பும். பள்ளத்தின்மேல் மட்டும் நனைத்துப் பிழிந்த சின்னப் பருத்தித் துணியை வைத்து, இஸ்திரிப் பெட்டியின் முனையால் இரண்டு மூன்று வினாடி தொட்டு எடுங்கள். ஒரு நாள் காயவிட்டுப் பாருங்கள். தேவையென்றால் இன்னொரு தடவை. அதற்கு மேல் வேண்டாம்.

கடைசியாக டிப். தோல் டிப் வந்ததே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். மேங்கோ என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி அதைப் பரப்பினார். அதற்குப் பிறகுதான் பந்தின் எந்தப் பக்கத்தில் அடித்தாலும் நுனி வழுக்காமல் சுழற்சி கொடுக்க முடிந்தது. பழைய டிப்பை பிளேடால் சீவி எடுத்து, பூணின் முகத்தைத் தட்டையான உப்புத்தாளில் செங்குத்தாகப் பிடித்து லேசாகச் சமன் செய்யுங்கள். க்யூவில் உப்புத்தாளுக்கு அனுமதி உள்ள இடம் அந்த முகமும் டிப்பும்தான். ஃபெவிக்விக் போன்ற பசை ஒரு சொட்டு போதும். இரவு முழுக்க விட்டு, மறுநாள் டிப்பைப் பலகைமேல் கவிழ்த்து அழுத்தி, பிதுங்கிய ஓரத்தைக் கூரிய பிளேடால் பூணின் மட்டத்துக்குச் சீவுங்கள். பிறகு மேற்பரப்பை மெல்ல வளைத்துத் தேயுங்கள். பூல் க்யூவுக்கு எவ்வளவு வளைவு என்றால், ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பை அருகில் வைத்துப் பாருங்கள். அந்த வளைவு போதும்.

சேமிப்புக்கு லாஃப்ட் வேண்டாம், சுவரில் சாய்க்க வேண்டாம், வெயிலில் நிற்கும் காரின் டிக்கி வேண்டவே வேண்டாம். கழற்றி, உறையில் போட்டு, பீரோவில் படுக்க வையுங்கள்.

தம்பியின் க்யூ தண்டு நேர், ரேகை நேர், ஜாயின்ட் நன்று. பெரிய கோளாறு பூணிலும் டிப்பிலும் மட்டும். பிளவைக் காட்டி ஆயிரத்துக்கு வாங்கி வந்தான். நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்த பள்ளம் இஸ்திரிக்குப் பிறகு முக்கால்வாசி எழும்பியது, மிச்சம் நின்றுவிட்டது. "இதையும் லேசா உப்புத்தாள் போட்டு எடுத்துடலாமா அங்கிள்?" என்றான். தண்டின் நுனிப்பக்கத்தைத் தாங்கி பிரிட்ஜ் போடும் கையில் அது உறுத்துகிறதா என்று கேட்டேன். நாலைந்து தடவை தண்டை விரல்களுக்கிடையே ஓட்டிப் பார்த்தான். "கைக்குத் தெரியல, கண்ணுக்குத்தான் தெரியுது" என்றான். அப்படியே விட்டுவிட்டோம். அவன் அதனோடுதான் ஆடுகிறான்.